கூச்சத்தை மொழிபெயர்ப்பது

(மொழிபெயர்ப்பு குறித்துப் பொதுமேடையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



1668ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி லண்டனில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் வழக்கமான புத்தகக் கடைக்குப் போகிறார். அங்கே ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கண்ணில் படுகிறது. பெயர் 'பெண்களின் பள்ளிக்கூடம்'. பெயரைப் பார்த்தால் பரம சாது. வீட்டில் மனைவி எலிசபெத்துக்குப் பிரெஞ்சு நன்றாக வரும்; அவருடைய தகப்பனார் பிரான்சிலிருந்து வந்தவர். இதை வாங்கிக் கொடுத்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாள், அவளுக்கும் பொழுது போகும் என்று நினைக்கிறார் பீப்ஸ். நாலு பக்கம் புரட்டியதும் வெலவெலத்துப் போகிறார். 1655இல் பாரிஸில் வெளியான அந்தப் புத்தகம், விவரம் தெரிந்த ஒரு பெண் விவரம் தெரியாத இன்னொருத்திக்குப் படுக்கையறை விஷயங்களைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் உரையாடல்.

மனிதர் அன்று புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார். பிப்ரவரி 8ஆம் தேதி மறுபடி போனார். இந்த முறை வாங்கினார். நல்ல அட்டை போட்ட பிரதியை வாங்கவில்லை. வெறும் கட்டுப் பிரதியை வாங்கினார். படித்து முடித்ததும் கொளுத்திவிடப் போகிறோமே, அதற்கு எதற்கு அழகான அட்டை? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படித்தார். இரவில் எரித்தார். உலகத்தின் கெடுதலைத் தெரிந்துகொள்ள ஒரு நிதானமான ஆண் இதை ஒருமுறை படிப்பதில் தவறில்லை என்று நாட்குறிப்பில் தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். அந்த நாட்குறிப்பே சுருக்கெழுத்தில் எழுதப்பட்டது. அதிலும் கூச்சமான இடங்கள் வந்தால் பிரெஞ்சு, ஸ்பானியம், லத்தீன் எல்லாம் கலந்த ஒரு கதம்ப மொழிக்குத் தாவிவிடுவார்.

இன்று நான் சொல்ல வந்த அத்தனையும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் காம இலக்கியம் ஆங்கிலத்துக்குப் போன கதையில், மொழிபெயர்க்க மிகவும் கடினமாக இருந்தது உடம்பு அல்ல. உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடினமாக இருந்தது கூச்சம். எந்தச் சொல்லை யார் முன்னால் சொல்லலாம் என்ற கணக்கு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. அந்தக் கணக்கைச் சரியாகக் கொண்டுபோகிறவர்தான் இந்தத் துறையில் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. தகுதி வழக்கு மூன்று என்று நன்னூல் வகுக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது முதலாவது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கப் பேசுவது மூன்றாவது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் இந்த இரண்டும் கொடிகட்டிப் பறந்தன. தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்குப் புத்தக வியாபாரிகள் வைத்திருந்த பெயர் 'தத்துவ நூல்கள்'. வோல்தேரின் மத விமர்சனமும் படுக்கையறைக் கதையும் ஒரே தலைப்பில் ஒரே மூட்டையில் போகும். ராபர்ட் டார்ன்டன் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அது குழூஉக்குறி. இடக்கரடக்கலுக்கும் அவர்களிடம் ஒரு வினைச்சொல் இருந்தது: 'காஸே'. மெல்லிய சல்லாத் துணியால் போர்த்துவது என்று பொருள். கதை சொல்கிறவன் கூச்சமான இடத்தில் சல்லாவைப் போர்த்த வேண்டும். உள்ளே இருப்பது தெரிய வேண்டும், ஆனால் தெரிகிறது என்று யாரும் சொல்ல முடியாதபடி தெரிய வேண்டும்.

இந்தச் சல்லாத் துணி இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும்போது என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

முதலில் அது கடக்கவே விடப்படவில்லை. இதில் ஒரு விந்தை உண்டு. பிரெஞ்சு மூலம் லண்டன் கடைகளில் கிடைக்கும், படித்தவர் வாங்கிப் படிக்கலாம். அதையே ஆங்கிலத்தில் மலிவு விலையில் போட்டால் போலீஸ் வரும். ஹென்றி விஸட்டெல்லி என்ற பதிப்பாளர் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டார். எமில் ஸோலாவின் நாவல்களை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஸோலாவைக் காம எழுத்தாளர் என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள், அன்று சொன்னார்கள். 1888 மே மாதம் நாடாளுமன்றத்திலேயே இந்த 'நச்சு இலக்கியம்' பற்றிப் பேச்சு எழுந்தது. அக்டோபரில் வழக்கு. 'நிலம்' நாவலிலிருந்து அரசுத் தரப்பு ஒவ்வொரு பகுதியாக வாசித்துக் காட்ட, ஜூரிகளே இதையெல்லாம் வாசித்துத்தான் தீர வேண்டுமா என்று கேட்கும் நிலை வந்தது. விஸட்டெல்லி குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 பவுன் அபராதம் கட்டினார். 1889இல் மறுபடி வழக்கு. மூன்று மாதச் சிறை. ஏறக்குறைய எழுபது வயதுக் கிழவர்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1893இல், ஸோலா லண்டனுக்கு வந்தபோது பத்திரிகையாளர் சங்கம் அவரை விருந்து வைத்து வரவேற்றது. எழுதியவருக்கு மாலை, மொழிபெயர்ப்பை விற்றவருக்குச் சிறை. அதற்கு அடுத்து 1894, 95இல் லுட்டீஷியன் சொசைட்டி என்ற அமைப்பு ஸோலாவின் ஆறு நாவல்களை ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதே 'நிலம்' நாவலை மொழிபெயர்த்தவர் கவிஞர் எர்னெஸ்ட் டௌசன். ஆனால் அவை சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் தனிச்சுற்றாகப் போன பிரதிகள். கடைத்தெருவில் கூலிக்காரன் கையில் கிடைக்கும் புத்தகம் ஆபாசம். கண்ணாடி அலமாரிக்குள் போகும் அதே புத்தகம் இலக்கியம்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 1857இல் இங்கிலாந்தில் ஆபாச வெளியீடுகள் சட்டம் வந்தது. அதே 1857இல்தான் பாரிஸில் ஃப்ளோபேரும் போதலேரும் தாங்கள் எழுதியவற்றுக்காக அடுத்தடுத்து நீதிமன்றம் ஏறினார்கள். 1868இல் ஹிக்ளின் வழக்கில் ஒரு அளவுகோல் வகுத்தார்கள்: இந்த எழுத்து, கெட்டுப் போகக்கூடிய மனங்களைக் கெடுக்குமா, அத்தகையவர் கையில் இது சிக்கக்கூடுமா? அளவுகோல் எழுத்தை அளக்கவில்லை, கையை அளந்தது என்பதைக் கவனியுங்கள். இந்த ஹிக்ளின் அளவுகோல் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 'லேடி சாட்டர்லியின் காதலன்' விற்றதற்காகப் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர்கள் மீது போட்ட வழக்கில் 1964இல் நம் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கையில் எடுத்தது. 2014இல்தான் கீழே வைத்தது. இங்கிலாந்தில் அதே புத்தகத்துக்கு 1960இல் நடந்த வழக்கில் அரசு வழக்கறிஞர் ஜூரிகளைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இதைப் படிக்க விரும்புவீர்களா என்று கேட்டார். முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பீப்ஸ் அங்கே உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்! நான் படிக்கலாம், அவள் படிக்கக் கூடாது.

கடக்க விடாதபோது மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள்? முகமூடி போட்டார்கள். 1953இல் பாரிஸில் மோரீஸ் ஜிரோதியா ஒலிம்பியா பிரஸைத் தொடங்கினார். பிரான்சில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் புத்தகம் போடும் கம்பெனி. சுங்கக்காரர் கண்ணில் மண்ணைத் தூவி, பயணிகளின் பெட்டிக்குள் ஒளிந்து அவை கடல் கடந்தன. மார்க்கி து சாத்தை அங்கே மொழிபெயர்த்த ஆஸ்டிரின் வெய்ன்ஹவுஸ், பியரலெஸாந்த்ரோ கசவீனி என்ற இத்தாலியப் பெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். இவர்களுக்கும் முன்னால், 1938இல், ஜிரோதியாவின் தகப்பனார் ஜாக் கஹேன் சாத்தின் 'சோதோமின் 120 நாட்கள்' நூலை மொழிபெயர்க்கும்படி ஓர் இளம் ஐரிஷ் எழுத்தாளரைக் கேட்டார். அவருக்கு ஆசை இருந்தது. பின்னால் தன் பெயர் என்ன ஆகுமோ என்ற தயக்கமும் இருந்தது. அந்த வேலை கடைசியில் நடக்கவில்லை. அந்த இளைஞர் சாமுவேல் பெக்கெட்.

முகமூடிகளில் மிக அழகானது 1954இல் வெளிவந்த 'ஓ-வின் கதை'யைச் சுற்றி இருந்தது. ஆசிரியர் பெயர் போலின் ரேயாஜ். அப்படி யாரும் கிடையாது. ஒரு பெண்ணால் இப்படி எழுதவே முடியாது, யாரோ ஆண்தான் என்று பாரிஸின் பெரிய தலைகள் சத்தியம் செய்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், எண்பத்தாறு வயதில் தொமினிக் ஒரி தான்தான் என்று சொன்னார். காலிமார் பதிப்பகத்தில் வேலை பார்த்த அடக்கமான பெண்மணி. ஆங்கில இலக்கியத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். தன் காதலர் ழான் போலானுக்காக மட்டும் எழுதிய நூல் அது. அதன் முதல் ஆங்கில வடிவம் ஒலிம்பியா பிரஸில் அவசர அவசரமாக வந்தது. 1965இல் அமெரிக்காவில் குரோவ் பிரஸ் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் 'சபீன் தெஸ்த்ரே' என்று பெயர் இருந்தது. அதுவும் பொய்ப் பெயர். பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் ஸீவர், ஒரு ஆண். பெண் எழுதியதை ஆண் எழுதியதாக நம்பினார்கள். ஆண் மொழிபெயர்த்ததைப் பெண் செய்ததாக நம்பினார்கள்.

அந்தக் காலம் முடிந்தது. இன்று ஆங்கில வாசகருக்கு இந்த நூல்கள் தடையின்றிக் கிடைக்கின்றன. அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் வேலை சுலபமாகிவிட்டதா? இல்லை, இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. கூச்சமே இல்லாத வாசகருக்குக் கூச்சத்தை எப்படி உணர்த்துவது?

விவான் தெனோனின் 'நாளை இல்லை' என்ற குறுங்கதையை எடுத்துக்கொள்வோம். 1777இல் எழுதி 1812இல் திருத்தியது. எழுதியவர் பின்னாளில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். இருபது வயது இளைஞனை ஒரு சீமாட்டி இசையரங்கில் பார்க்கிறாள். தன் கணவனின் மாளிகைக்கு வண்டியில் அழைத்துப் போகிறாள். தோட்டம், நிலா, மண்டபம், ஓர் இரவு. விடிந்ததும் அவளுடைய உண்மையான காதலன் வந்து நிற்கிறான். கணவனின் சந்தேகத்தைத் திசைதிருப்பத் தன்னைத் திரையாகப் பயன்படுத்தியிருக்கிறாள் என்று பையனுக்குப் புரிகிறது. அவ்வளவுதான் கதை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கொச்சைச் சொல் கிடையாது. எல்லாம் அரைகுறைப் பேச்சு, நிறுத்தம், மறுபடி தொடங்கும் வாக்கியம். 2009இல் இதன் ஆங்கில வடிவம் ஒன்று லிடியா டேவிஸ் கையால் வெளிவந்தது. இன்றைய வாசகருக்குப் புரியவேண்டுமே என்று இரண்டு சொல்லை உடைத்துச் சொல்லிவிட்டால் கதை அங்கேயே செத்துவிடும். எதையும் விளக்காமல் வாக்கியத்தின் மூச்சை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் இங்கே வேலை.

இதற்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறார் சாத். 1785இல் பாஸ்டில் சிறையில், தாள்களை ஒட்டி ஒட்டி 12 மீட்டர் நீளச் சுருளாக்கி, அதில் பொடி எழுத்தில் எழுதினார் '120 நாட்கள்' நூலை. முதன்முதலில் அச்சேறியது 1904இல், அதுவும் பெர்லினில். 2021இல் பிரெஞ்சு அரசு அந்தச் சுருளை 45.5 லட்சம் யூரோ கொடுத்து வாங்கித் தேசிய நூலகத்தில் வைத்தது. சாத் சல்லாவைக் கிழித்தவர். தெரிந்தே கிழித்தவர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் அவரைக் கொஞ்சம் பழங்கால அலங்கார நடையில் பேச வைத்தன. கேட்பவருக்கு ஒரு பிரபுவின் கம்பீரம் தோன்றும். 2016இல் வில் மெக்மோரன், தாமஸ் வின் இருவரும் சேர்ந்து பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசைக்குப் புதிதாக மொழிபெயர்த்தபோது கொச்சைக்குக் கொச்சையே போட்டார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்த நூலில் இருப்பது இன்பம் அல்ல, கொடுமை. அலங்காரம் செய்தால் கொடுமை அழகாகத் தெரியும். நாற்றத்தோடே விட்டால் வாசகர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அங்கே மூக்கைப் பிடித்துக்கொள்வதே சரியான வாசிப்பு. அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஸ்காட் மோன்கிரீஃப் பரிசு கிடைத்தது.

ஆகத் தெனோனின் திரையை விலக்கவும் கூடாது, சாத்துக்குத் திரை போடவும் கூடாது. சொல்வது சுலபம். மேசையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லும் மல்லுக்கட்டும்.

'பேஸே' என்று ஒரு வினைச்சொல். அந்தக் காலத்தில் முத்தமிடுதல் என்று பொருள். இன்று அதே வினை படு கொச்சை; பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் இன்னும் முத்தம்தான். மோலியேர் நாடகத்தில் ஒரு அசட்டு மாப்பிள்ளைப் பையன் முத்தமிடலாமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்பான். இன்றைய பிரெஞ்சு வகுப்பறையில் அந்த வரி வந்தால் பாடம் நின்றுவிடும். 'ழுயீர்' என்று இன்னொன்று. சொத்தை அனுபவித்தாலும், வெயிலை அனுபவித்தாலும், உடலின்பத்தின் உச்சம் என்றாலும் அந்த ஒரே சொல். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று ஒலிக்கும்படி பிரெஞ்சுக்காரர் எழுதுவார். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை. உடம்பைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் மருத்துவரின் லத்தீன் இருக்கிறது, தெருவின் வசவு இருக்கிறது, குழந்தையிடம் பேசும் மழலை இருக்கிறது. நடுவில் ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் இயல்பாகச் சொல்லக்கூடிய சொல் மிகக் குறைவு. நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால், தமிழில் எழுதிப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

ஆனால் ஓர் இடத்தில் ஆங்கிலத்தைவிட நாம் வசதியாக இருக்கிறோம். லாக்லோவின் 'ஆபத்தான உறவுகள்', 1782இல் வந்தது, 175 கடிதங்களால் ஆன நாவல். எழுதியவர் பீரங்கிப் படை அதிகாரி. அதில் வரும் வால்மோனும் மெர்த்தேயும் முன்னாள் காதலர்கள். ஒருவர் குடியை ஒருவர் கெடுக்கத் திட்டம் போடும்போதும் 'நீங்கள்' என்றுதான் எழுதிக்கொள்வார்கள். மடத்திலிருந்து வெளியே வந்த சின்னப் பெண் செசீல் தன் தோழிக்கு எழுதும்போது மட்டும் 'நீ'. அந்த 'நீ'யில் இருக்கும் வெகுளித்தனமும், இந்த 'நீங்கள்' ஒளித்து வைத்திருக்கும் கத்தியும் தமிழ்க் காதுக்கு உடனே கேட்கும். ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே சொல். அந்த இழப்பை மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தின் விறைப்பிலும் விளிப்பிலும் ஈடுகட்ட வேண்டும்.

அதே நாவலின் 48ஆம் கடிதம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பரீட்சை. பக்திமிக்க தூர்வெல் அம்மையாருக்கு வால்மோன் உருகி உருகிக் காதல் கடிதம் எழுதுகிறான். எழுதுவது எங்கே? வேறொருத்தியின் படுக்கையில், அவள் முதுகையே மேசையாக வைத்து. கடிதத்தை ஒட்டாமல் மெர்த்தேக்கு அனுப்பி, படித்துவிட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்கிறான். ஒவ்வொரு சொல்லும் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பேச வேண்டும். சொல் கொஞ்சம் உடம்பு பக்கம் சாய்ந்தால் தூர்வெல் கண்டுபிடித்துவிடுவாள். கொஞ்சம் பக்தி பக்கம் சாய்ந்தால் மெர்த்தே சிரிக்கமாட்டாள். டௌசன் 1898இல் முயன்றார். ரிச்சர்ட் ஆல்டிங்டன் 1924இல். 2007இல் ஹெலன் கான்ஸ்டன்டைன். இந்தக் கடிதத்துக்கு முடிந்த முடிவான ஆங்கிலம் வரப்போவதில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டைப் பொருள் தரும் சொற்கள் வேறு.

மாறுவது சிரிப்பு மட்டும் அல்ல. 96ஆம் கடிதத்தில் வால்மோன் கள்ளச் சாவி போட்டுச் செசீலின் அறைக்குள் இரவில் நுழைகிறான். அடுத்த கடிதத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்கிறாள். இதை நீண்ட காலம் 'மயக்கினான்' என்றே படித்தார்கள். இன்றைய வாசகர் அதன் பெயர் பலாத்காரம் என்பார். அவர் சொல்வது சரி. மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய வேண்டும்? வால்மோனின் வாயில் குற்ற ஒப்புதலைத் திணிக்கக் கூடாது. அவன் மினுக்கிக்கொண்டே பேசட்டும். அதே சமயம் செசீலின் பயத்தைப் பழைய நாகரிகச் சொல்லால் பூசி மெழுகவும் கூடாது. இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்து லாக்லோவே தீர்ப்பு சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு கேட்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒரு புதிர். 1748இல் பெயர் போடாமல் திதெரோ ஒரு நாவல் வெளியிட்டார். சுல்தான் கையில் ஒரு மந்திர மோதிரம். அதைத் திருப்பினால் பெண்களின் 'நகை' பேசத் தொடங்கிவிடும். எந்த நகை என்று கேட்காதீர்கள்; அதுதான் இடக்கரடக்கல். ஓர் அத்தியாயத்தில் ஊர் ஊராகச் சுற்றிய ஒருத்தியின் நகை பேசுகிறது. மிக மோசமான பகுதிகள் வரும்போது திதெரோ பிரெஞ்சை விட்டுவிட்டு ஆங்கிலம், லத்தீன், இத்தாலியம், ஸ்பானியம் என்று தாவுகிறார். பீப்ஸ் நாட்குறிப்பில் செய்த அதே வேலை. சரி, இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால், மூலத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கும் பகுதியை என்ன செய்வது? அப்படியே விட்டால் திரை விழுந்துவிடும். மூலத்தில் மறைவாக இருந்தது இங்கே பட்டவர்த்தனமாகும். பிரெஞ்சில் மாற்றினால் மூலத்தில் இருந்த ஆங்கிலத்தை அழித்தவர் ஆவோம். சொல்லுக்கு உண்மையாக இருப்பதா, கூச்சத்துக்கு உண்மையாக இருப்பதா? நான் என்றால் கூச்சத்தின் பக்கம் நிற்பேன். அந்தப் பகுதியைப் பிரெஞ்சில் போடுவேன். நீங்கள் மறுக்கலாம்.

பீப்ஸிடம் திரும்பிப் போய் முடித்துக்கொள்கிறேன். அவர் எரித்த அந்த நூல் 1680இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நெருப்பால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எலிசபெத் அதைப் பார்க்கவில்லை. 1669இல், இருபத்தொன்பது வயதில், அவர் இறந்துபோனார். வீட்டில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். மொழிபெயர்த்திருந்தால் எந்தச் சொல்லைத் தேர்ந்திருப்பார், எங்கே சிரித்திருப்பார், எங்கே இது ஆண்கள் கற்பனை என்று ஓரத்தில் எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சற்று முன் நான் சொன்ன இரண்டு பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: லாக்லோவுக்கு ஹெலன் கான்ஸ்டன்டைன், தெனோனுக்கு லிடியா டேவிஸ். கணவர் கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் எரித்த வேலையை முன்னூற்று நாற்பது ஆண்டுகள் கழித்துப் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அட்டையில் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு.